சமயச்சார்பின்மையும் மாவட்ட எல்லையும்: பாலக்காட்டுப் பகுதியில் முஸ்லிம் லீக் அரசியல்

1969-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் தோற்றுவிக்கப்பட்டது. கோழிக்கோடு மாவட்டத்தின் ஏறநாடு, திரூர் வட்டப் பகுதிகளோடு, பாலக்காடு மாவட்டத்திலிருந்து பெரிந்தல்மண்ணா, பொன்னானி ஆகிய வட்டங்களின் பகுதிகளும் பிரித்தெடுக்கப்பட்டு அதில் சேர்க்கப்பட்டன. மாவட்டங்களைப் பிரிப்பது நிருவாக வசதி பற்றியது என்பதே பொதுவான கருத்து. ஆயின் இப்பிரிவினை, சமயச்சார்பற்ற அரசு சமய அடிப்படையில் அமைந்த கட்சியோடு எவ்வளவு தொலைவு உடன்பட்டுச் செல்லலாம் என்ற வினாவை எழுப்பியது. தில்லி வரை ஒலித்த அவ்வினாவுக்கு இன்றளவும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை.

இவ்வினாவின் வேர் 1921-இல் உள்ளது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் ஒற்றப்பாலத்தில் கூடிய முதல் அனைத்துக் கேரள அரசியல் மாநாட்டில் காங்கிரசு இயக்கமும் கிலாபத் இயக்கமும் கைகோத்து நின்றன. விடுதலைப் போராட்டத்துக்கு மக்களைத் திரட்டச் சமய உணர்வைப் பயன்படுத்துவதில் அன்று தேசியத் தலைவர்கள் பெரும்பாலோர் முரண்பாடு எதுவும் காணவில்லை. நான்கு திங்களுக்குள் ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் கிளர்ச்சி மூண்டது. நிலவுடைமைக் கொடுமைக்கு எதிரான குத்தகையாளர் எழுச்சி, ஆங்கில ஆட்சியை எதிர்த்த போர், சமய வன்முறை ஆகிய மூன்றும் அதில் பின்னிக் கிடந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பிற இரண்டையும் மறைப்பவர் வரலாறு எழுதுவதில்லை, வழக்காடுகின்றனர். அவ்வாண்டு நவம்பரில் திரூரிலிருந்து மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டனர். அப்பெட்டி பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில்தான் திறக்கப்பட்டது.

கிளர்ச்சிக்குப் பின் மலபார் முஸ்லிம்களுள் கணிசமானோர் காங்கிரசை விட்டு விலகினர். பின்னாளில் முஸ்லிம் லீக் அங்கு வேரூன்றியதற்கு இவ்விலகல் ஒரு முதன்மைக் காரணமாகும். நாட்டுப் பிரிவினைக்குப் பின் வடநாட்டில் லீக் ஏறத்தாழ மறைந்தது. தெற்கில் அது மறையவில்லை. 1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னையில் கூடிய கூட்டத்தில் அக்கட்சி இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்னும் புதிய அமைப்பாக உருக்கொண்டது. அதன் தலைவர் திருநெல்வேலியைச் சேர்ந்த மு. முகம்மது இசுமாயில் சாகிபு. மக்கள் அவரைக் காயிதே மில்லத் என்று அழைத்தனர். தமிழரான இவரையே 1962 முதல் மூன்று முறை மஞ்சேரி மலையாளிகள் மக்களவைக்கு அனுப்பினர் என்பது எண்ணத்தக்கது.

அரசியல் நிர்ணய சபையில் இசுமாயில் சாகிபும் மலபாரைச் சேர்ந்த போக்கர் சாகிபும் இரு கோரிக்கைகளை வலியுறுத்தினர்: தனி வாக்காளர் தொகுதி ஒன்று, சமயத் தனிச்சட்டத்துக்குப் பாதுகாப்பு மற்றொன்று. முதலாவது முற்றாகத் தள்ளப்பட்டது. இரண்டாவது பற்றிய விவாதம் 1948 நவம்பர் 23-ஆம் நாள் நடந்தது. பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவிலிருந்து தனிச்சட்டங்களுக்கு விலக்களிக்க வேண்டும் என்பது இசுமாயில் சாகிபின் திருத்தம். அதற்கு மறுமொழி கூறிய அம்பேத்கர், முஸ்லிம் சட்டம் நாடெங்கும் ஒரே சீராக, மாறாமல் இருந்துவந்தது என்பதை மறுத்தார். வட மலபார் முஸ்லிம்களிடையே மருமக்கள்தாய முறை வழங்கியதைச் சான்றாக எடுத்துக்காட்டினார். மாப்பிள்ளைமார் வாக்கால் வலிமை பெற்ற கட்சியின் வாதத்துக்கு எதிராக மாப்பிள்ளைமார் வழக்கமே சான்றாக நின்றது. இருப்பினும் அம்பேத்கர், அத்தகைய சட்டம் எவர் மீதும் உடனே திணிக்கப்படமாட்டாது என்ற உறுதியையும் குறிப்பாக உணர்த்தினார். திருத்தம் தோற்றது, அதன் நோக்கம் பெருமளவு நிறைவேறியது எனலாம்.

1956-இல் மலபார் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து கேரளத்தோடு இணைந்ததும் லீக்கின் நிலை மாறியது. பரந்த சென்னை மாநிலத்தில் ஒரு மூலையில் இருந்த சிறு கட்சி, சில ஆயிரம் வாக்குகளால் ஆட்சி மாறும் சிறு மாநிலத்தில் தவிர்க்கவியலாத கட்சியாயிற்று. 1959-இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவையை மைய அரசு கலைத்தபின், 1960 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரசு, பிரஜா சோசலிஸ்டு, லீக் ஆகிய மூன்றும் பொதுவுடைமையரை எதிர்த்து ஓரணியில் நின்றன. காங்கிரசு 63, பிரஜா சோசலிஸ்டு 20, லீக் 11 இடங்களைப் பெற்றன. அவையின் மொத்த இடங்கள் 126. தேர்தலை வெல்ல லீக் தேவைப்பட்டது. ஆட்சி அமைக்கத் தேவைப்படவில்லை. இவ்வெண்களே பின்வந்த நிகழ்ச்சியை விளக்குகின்றன.

லீக்கை அமைச்சரவையில் சேர்க்கக் காங்கிரசின் அகில இந்தியத் தலைமை இணங்கவில்லை. வகுப்புவாதக் கட்சியோடு அதிகாரத்தைப் பகிர்வது சமயச்சார்பின்மைக்கு இழுக்கு என்பது கூறப்பட்ட காரணம். அமைச்சர் பதவிக்கு மாற்றாகப் பேரவைத் தலைவர் பதவி கே. எம். சீதி சாகிபுக்கு அளிக்கப்பட்டது. அவர் 1961 ஏப்ரலில் மறைந்தார். அடுத்து வந்த சி. எச். முகம்மது கோயாவுக்கு ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டது: லீக் உறுப்பினர் பொறுப்பைத் துறந்தால்தான் காங்கிரசின் ஆதரவு. கோயா கட்சியிலிருந்து விலகி அவ்விருக்கையில் அமர்ந்தார். சில திங்களுக்குள், நவம்பரில், அதையும் துறந்தார். கூட்டணி முறிந்தது. வாக்குக் கேட்கும்போது வகுப்புவாதமாகத் தோன்றாத கட்சி, பதவி கேட்கும்போது அவ்வாறு தோன்றியது என்ற குற்றச்சாட்டுக்குக் காங்கிரசு நேரிய விடை கூறவில்லை. பத்தாண்டு கழித்து, 1971-இல், அச்சுத மேனன் அமைச்சரவையில் அதே காங்கிரசு லீக்கோடு ஒன்றாக அமர்ந்தபோது கொள்கை விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இடைப்பட்ட காலத்தில் வழியைத் திறந்தவர் நம்பூதிரிபாடே. பெரிந்தல்மண்ணாவை அடுத்த ஏலங்குளத்தில் பிறந்து, பாலக்காடு மாவட்டப் பட்டாம்பித் தொகுதியின் உறுப்பினராக இருந்த அவர், 1967-இல் அமைத்த ஏழு கட்சி அமைச்சரவையில் கோயாவையும் அகமது குரிக்களையும் சேர்த்தார். கல்வியமைச்சரான கோயாவின் காலத்தில், 1968-இல், கோழிக்கோடு பல்கலைக்கழகம் எழுந்தது. மலப்புரம் மாவட்டமும் இக்கூட்டணியின் விளைவே. இதனை எதிர்த்தோர் 'மாப்பிளாஸ்தான்' என்று பழித்தனர். எதிர்ப்பில் முன்னின்றவர்களுள் ஒருவர் கே. கேளப்பன். கோயில் எல்லாச் சாதியினர்க்கும் திறக்கப்பட வேண்டும் என்று 1932-இல் குருவாயூரில் உண்ணாநோன்பிருந்த காந்தியவாதி இவர். 1968-இல், அன்று பாலக்காடு மாவட்டத்திலிருந்த அங்காடிப்புரத்தில் பாழடைந்த தளிக் கோயிலை மீட்கும் கிளர்ச்சியையும் இவரே நடத்தினார். சமயச்சார்பின்மை என்ற ஒரே சொல்லை இரு தரப்பினரும் தம் பக்கம் இழுத்துக்கொண்ட விந்தையை இங்குக் காணலாம். அரசோ பகுதியின் பின்தங்கிய நிலையைக் காரணம் காட்டியது. அக்காரணம் பொய்யன்று, ஆனால் அது மட்டுமே காரணமும் அன்று.

இங்கு மற்றோர் எல்லையை ஒப்புநோக்குவது பொருத்தமாகும். இன்றைய இடுக்கி மாவட்டத்தில் அடங்கிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையினராக இருந்தும், மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அவற்றைக் கேரளத்துக்கே அளித்தது. அங்குள்ள தமிழருள் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியோர் என்பதும், பொருளாதார நலனும் கருதப்பட்டன. பெரும்பான்மை என்பது மட்டும் எல்லையைத் தீர்மானிக்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். பதினான்கு ஆண்டுக்குப் பின் மலப்புரத்தில் பெரும்பான்மையே எல்லையைத் தீர்மானித்தது என்று எதிர்ப்பாளர் வாதிட்டனர். தேவிகுளத்தில் தமிழர்க்குப் பேரம் பேசும் கட்சி ஆட்சியில் இல்லை, மலப்புரத்தில் இருந்தது. இவ்விரு முடிவுகளின் வேறுபாட்டுக்குக் கொள்கையைவிட இதுவே நெருங்கிய காரணமாகத் தோன்றுகிறது. மாநிலங்களிடை எல்லையும் மாவட்ட எல்லையும் ஒரே தன்மையன அல்ல என்ற மறுப்புக்கும் இடமுண்டு.

மைய அரசில் இம்முரண்பாடு வெளிப்படையாக வெடித்தது 1985-இல். மணவிலக்குப் பெற்ற ஷா பானுவுக்கு வாழ்க்கைப்பொருள் வழங்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 23-இல் தீர்ப்பளித்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலிருந்து முஸ்லிம்களுக்கு விலக்களிக்கும் தனியார் மசோதாவை மக்களவையில் கொணர்ந்தவர் லீக்கின் பொன்னானி உறுப்பினர் ஜி. எம். பனாத்வாலா. ஆகஸ்டில் அமைச்சர் ஆரிப் முகம்மது கான் அரசின் சார்பில் தீர்ப்பை ஆதரித்துப் பேசினார். அதே அரசின் மற்றோர் அமைச்சரான ஜியாவுர் ரகுமான் அன்சாரி சில திங்களில் அதே தீர்ப்பைத் தாக்கினார். ஒரே அமைச்சரவைக்கு இரு நாக்குகள் இருந்தன. 1986-இல் இராஜீவ் காந்தி அரசு முஸ்லிம் பெண்கள் சட்டத்தை நிறைவேற்றியது. ஆரிப் முகம்மது கான் பதவி விலகினார். கட்சிகள் தமக்குள் பேசி முடித்த விலையைச் செலுத்தியவர்கள், அப்பேச்சில் இடம்பெறாத பெண்கள். இதே காலத்தில் நம்பூதிரிபாடு தனிச்சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். லீக்கிலிருந்து முன்னர்ப் பிரிந்து இடதுசாரிகளோடு இருந்த பிரிவினர் தாய்க்கட்சிக்குத் திரும்பினர். லீக் எதுவும் இல்லாத இடதுசாரி அணி 1987-இல் வென்றது.

பாபர் மசூதி 1992-இல் இடிக்கப்பட்டபின், காங்கிரசுக் கூட்டணியில் நீடித்த கட்சியின் போக்கை ஏற்காமல் அன்றைய பொன்னானி உறுப்பினர் இப்ராகிம் சுலைமான் சேட் விலகி, 1994-இல் இந்திய தேசிய லீக்கைத் தொடங்கினார். பெருந்திரளானோர் அவரைப் பின்தொடரவில்லை. 2004-இல் பொன்னானியில் வென்ற ஈ. அகமது மன்மோகன் சிங் அரசில் வெளியுறவுத் துறை இணையமைச்சரானார். 1960-இல் மாநில அமைச்சரவைக்கே தகாது எனப்பட்ட கட்சியின் உறுப்பினர், உலக அரங்கில் சமயச்சார்பற்ற இந்தியாவின் குரலாக நின்றார்.

சட்டமன்றத்துக்கு வெளியே வேறொரு போக்கும் வளர்ந்தது. வினாத்தாளில் நபியை இழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட தொடுபுழைக் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் கை 2010 ஜூலை 4-இல் வெட்டப்பட்டது. இடுக்கி மாவட்டத்தில் எழுந்த இச்சிக்கலில் தண்டிக்கப்பட்டோர் பாப்புலர் பிரண்ட் ஆப் இந்தியா அமைப்பைச் சார்ந்தோர். அவ்வமைப்பை 2022 செப்டம்பரில் மைய அரசு ஐந்தாண்டுக்குத் தடை செய்தது. லீக்கின் பேர அரசியலையும் இதனையும் ஒரே பெயரால் சுட்டுவது வரலாற்று நோக்கில் பிழையாகும். ஒன்று வாக்கையும் பதவியையும் நம்பியது, மற்றது அச்சத்தை நம்பியது.

பாலக்காடு மாவட்டத்திலேயே தங்கிவிட்ட திருத்தாலாத் தொகுதி மக்கள் இன்றும் மக்களவைக்குப் பொன்னானித் தொகுதியிலேயே வாக்களிக்கின்றனர். அத்தொகுதியின் உறுப்பினர் ஒருவர் 1985-இல் முஸ்லிம்களுக்கு அடைக்க முயன்ற 125-ஆம் பிரிவு, மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கும் உரியதே என்று 2024 ஜூலை 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.