புக்கிட் பிந்தாங்கில் குடும்பத்துடன் தங்கப் போகிறீர்களா?

கோலாலம்பூருக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் பலரும் புக்கிட் பிந்தாங்கில்தான் அறை தேடுகிறோம். மோனோரயில், எம்.ஆர்.டி. இரண்டும் அங்கே நிற்கின்றன. கடைவீதியும் நடை தூரம். ஆனால் அங்கே தெருவுக்குத் தெரு நிலைமை வேறு.

சங்காட் புக்கிட் பிந்தாங் மதுக்கூடங்கள் நிறைந்த தெரு. நள்ளிரவு தாண்டியும் இசை ஓயாது. குழந்தைகளோடு அந்த வழியே அறைக்குத் திரும்புவது பெரும் சங்கடம். விலை மலிவு என்று முன்பணம் கட்டிவிட்டு, இரவில்தான் இதை உணர்ந்து வருந்துகிறோம். ஆகவே, பணம் கட்டும் முன் ஹோட்டல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். ஜன்னல் உண்டா என்றும் கேளுங்கள். மலிவான அறைகள் பலவற்றில் இருக்காது.

அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காதீர்கள். விரிப்பைத் தூக்கி மெத்தையின் தையல் ஓரங்களைப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கலாம். உடனே வேறு அறை கேளுங்கள். கதவின் உள்தாழ்ப்பாளையும் அவசரகாலப் படிக்கட்டையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கேட்பார்கள். இது ஏமாற்று அல்ல, அரசு வரிதான்.

பக்கத்து ஜாலான் அலோர் உணவுத் தெருவில் ஹலால் அல்லாத கடைகள் ஏராளம். "பன்றி இறைச்சி இல்லை" என்ற பலகை ஹலால் சான்றிதழ் ஆகாது. ஜாகிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஹோட்டலின் காலை உணவுக்கும் இதே கேள்விதான்.