ஒரே பாட்டு, இரண்டு எழுத்து

மாமல்லபுரத்திலிருந்து வடக்கே கடலோரமாகச் சாளுவன்குப்பம் செல்வோர் பெரும்பாலும் புலிக்குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் அதிரணசண்டேசுவரம் என்னும் சிறிய குடைவரை ஒன்று உண்டு. நாங்கள் அதைத் தேடிப் போனது அதன் இரு கல்வெட்டுகளுக்காக.

தென்பக்கச் சுவரில் இருப்பது பல்லவ கிரந்தம், வடபக்கத்தில் நாகரி. மொழி இரண்டிலும் வடமொழியே. ஆறு சுலோகங்கள் இரு பக்கமும் பொதுவானவை. தென்சுவரில் மட்டும் ஏழாவதாக ஒன்று உண்டு. காலகாலன் என்னும் விருதுப்பெயர் கொண்ட மன்னனின் இசையைப் புகழ்வது அது. இம்மன்னன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராஜசிம்மனே என்பர் ஆய்வாளருள் பலர்.

ஊருக்குள்ளும் இப்படி உண்டு. கணேச ரதத்துச் சுலோகங்கள் தருமராஜ மண்டபத்திலும் இருக்கின்றன. இராமானுஜ மண்டபத்தில் அவற்றின் இறுதிச் சுலோகம் மட்டும். ஹுல்ட்ஸ் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இவற்றைத் தனித்தனி எண்ணிட்டே பதித்தார். ஒன்று போதுமென்று மற்றதை விட்டுவிடவில்லை.

அதனால் என்ன பயன்? எழுத்தமைதியை வைத்தே இங்குள்ள கோயில்களை வெவ்வேறு மன்னர்களுக்குப் பங்கிட்டு வந்தனர். இரா. நாகசாமி 1962-இல் அனைத்தும் இராஜசிம்மன் படைப்பே என்று வாதிட்டார். அம்முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஆயினும், ஒரே கோயிலில் ஒரே பாட்டு இரண்டு எழுத்துகளில் நிற்கும்போது, எழுத்து வேறானால் காலமும் வேறு என்று நாம் எளிதில் சொல்லிவிட முடியாது. ஒரு சுவர் அழிந்திருந்தால் அந்தத் தடை நமக்குத் தெரிந்தேயிராது.

கணினியாளர்களும் இதே சிக்கலைச் சந்தித்தவர்கள். ஒரு நிரலகத்தின் புதிய பதிப்பைப் பழையதன் இடத்தில் வைத்தால், பழையதை நம்பியிருந்த வேறொரு மென்பொருள் நின்றுபோகும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் அளித்த ஆய்வேடு 'நிக்ஸ்' என்ற தொகுப்பு மேலாண்மை முறையை விளக்குகிறது. அதில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவு. அது எவற்றைக் கொண்டு உருவானதோ அவற்றிலிருந்து கணக்கிட்ட குறியீடே அடைவின் பெயரில் இடம்பெறும். எனவே ஒன்று மற்றொன்றின் மேல் ஏறாது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குரிய பதிப்பையே நாடும்.

பழம்பதிப்புகளை வைத்திருக்க இடம் வேண்டும், பொறுமையும் வேண்டும். எது திருத்தமானது என்ற கேள்வியைப் பிறகு வருபவர்கள் கேட்கட்டும். கேட்பதற்கு இரண்டும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும். சாளுவன்குப்பத்தில் அவை இன்னும் கிடைக்கின்றன.