கடைசி பெஞ்சுப் பையனும் ஆறு ஒலிகளும்



போன வாரம் ராத்திரி எட்டு மணி இருக்கும். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், என் பையனுக்கு ரெண்டரை வயசு ஆகுது. இன்னும் அம்மான்னுகூட தெளிவா சொல்லல. எங்க அத்தை, ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், இவன் அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்னு சொல்றாங்க. நீங்க என்ன டீச்சர் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"முதல்ல காதைப் பரிசோதனை பண்ணும்மா" என்றேன்.

"காதா? பேச்சுதானே டீச்சர் வரல?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதற்கான பதில் எனக்கே வேலையில் சேர்ந்து இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1986 என்று நினைவு. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். எதிரே நின்று கூப்பிட்டால் ஓடி வருவான். கரும்பலகையில் எழுதிக்கொண்டே நான் கேள்வி கேட்டால் பேசாமல் உட்கார்ந்திருப்பான். சொல்வதெழுதலில் 'சட்டை' என்றால் 'அட்டை' என்று எழுதுவான். 'சங்கு' என்றால் 'அங்கு'. பேச்சும் மழுங்கலாக இருக்கும். கவனம் இல்லாத பிள்ளை என்று முடிவு கட்டி, அவனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன். மற்ற பிள்ளைகள் 'மக்கு' என்று கூப்பிட்டபோது நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. அடுத்த வருஷம் அவன் அப்பா அவனை ஒரு சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டார்.

நான் இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அது தெரிந்தவர்களே நம் நாட்டில் இல்லை என்று சொல்ல முடியாது. ரொம்ப காலமாகவே இருந்திருக்கிறார்கள். என் வகுப்புவரை அவர்கள் வந்து சேரத்தான் அத்தனை காலம் ஆயிற்று.

நம் நாட்டில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிகள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கின. முதலில் பம்பாய், 1893-இல் கல்கத்தா, அடுத்த சில வருஷங்களில் நம் பாளையங்கோட்டை. அங்கே சாரா டக்கர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. பெரிய நகரங்களுக்கு அடுத்தபடியாக இந்த வேலை வேரூன்றியது நம் தெற்குச் சீமையில்தான் என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாதோருக்குச் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுதான் கற்றுத்தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பலன், பல நாடுகளில் பிள்ளைகள் சைகை செய்தால் தண்டனை. சைகை மொழியும் இலக்கணம் உள்ள முழுமையான மொழிதான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ள இன்னும் 80 வருஷம் ஆனது. நிபுணர்களும் தவறு செய்வார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். பேச்சு வந்தால்தான் பிள்ளை, சைகை செய்தால் குறை என்று இன்றும் நினைப்பவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் பேச்சு, செவி இரண்டையும் முறையாகப் படித்தவர்கள் இங்கே மிகக் குறைவு. பள்ளி இருந்தது, பரிசோதித்து ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1960-களில் மைசூரில் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் உருவானது. 1966-இல் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தநாளைத்தானே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம்! அங்கே படித்தவர்கள்தான் பிறகு நாடெங்கும் ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பைப் பரப்பினார்கள்.

சென்னையில் 1969-இல் பாலவித்யாலயா என்ற பள்ளி வந்தது. காது கேளாத பச்சிளங்குழந்தைகளையே சேர்த்துக்கொண்டு, அம்மாவையும் கூடவே உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. ஐந்து வயதுக்குள் பிள்ளையைத் தயார் செய்து சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது அவர்கள் நோக்கம். முதல் மூன்று வருஷத்தில்தான் மூளை மொழியை அள்ளி அள்ளி வாங்கிக்கொள்ளும், அதை விட்டால் பிடிப்பது கஷ்டம் என்பதுதான் அதன் அடிப்படை. 'லேட்டாத்தான் பேசும்' என்று காத்திருக்கும்போது நாம் தொலைப்பது இந்த வருஷங்களைத்தான்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1974-இல் மாற்றுத்திறன் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்க மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 1992-இல் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம். பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் முறையாகப் படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் அவை 21 ஆயின. பேச்சு மொழிக் குறைபாடும், ஆட்டிசமும், கற்றல் குறைபாடும் தனித்தனியாகப் பெயர் பெற்றன. நாங்கள் எல்லாவற்றையும் 'மக்கு' என்ற ஒரே சொல்லில் அடக்கியிருந்தோம்.

நம் திருச்சியிலும் ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை வந்து, எத்தனையோ பெண்களை இந்தப் பணிக்குத் தயார் செய்தது. எஸ்.எஸ்.ஏ. திட்டம் வந்த பிறகு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர்கள் சாதாரணப் பள்ளிகளுக்கும் வரத் தொடங்கினார்கள்.

அப்படித்தான் 2000-க்குப் பிறகு ஒருநாள் நான் வேலை பார்த்த பள்ளிக்கும் ஒரு சின்னப்பெண் வந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். படிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையைக் காட்டினேன். அவள் அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆறு ஒலிகளைச் சொன்னாள். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொல்லியிருந்தாள். முதல் நாலுக்கும் கை தூக்கிய பிள்ளை, கடைசி இரண்டுக்கும் சும்மா இருந்தது.

"டேனியல் லிங் என்று ஒருத்தர் கண்டுபிடித்த முறை டீச்சர். பேச்சில் வரும் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதிவரை இந்த ஆறு ஒலிக்குள்ளே அடங்கிவிடும். இந்தக் குழந்தைக்கு உயர்ந்த சுருதி கேட்கவில்லை. கூப்பிட்டால் திரும்புவதால் காது நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துவிடுவார்கள். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ஆஸ்பத்திரியில் ஆடியோகிராம் எடுக்க நான் எழுதித் தருகிறேன்" என்றாள்.

எனக்குச் சட்டென்று 'அட்டை' ஞாபகம் வந்தது. 'அங்கு' ஞாபகம் வந்தது. அந்தப் பையன் தப்பாக எழுதவே இல்லை. தன் காதில் விழுந்ததைச் சரியாக எழுதியிருக்கிறான். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, நான் முதுகைக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். போதாதென்று கடைசி பெஞ்சுக்கு வேறு அனுப்பியிருக்கிறேன். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு அட்டைத்துண்டும் ஆறு ஒலியும்தான். இருபது வருஷ அனுபவம் என்னிடம் இருந்தது. அனுபவம் காட்டாததைப் படிப்பு காட்டியது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, பின்தங்கிய எந்தப் பிள்ளையையும் சிறப்பாசிரியரிடம் காட்டாமல் நான் ஒரு முடிவுக்கும் வந்ததில்லை.

இப்போது பிள்ளை பெற்றிருப்பவர்களுக்கும் பேரன் பேத்தி எடுத்திருப்பவர்களுக்கும் சில வார்த்தைகள்.

ஒரு வயதுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதுக்குள் சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் குடு' என்று இரண்டு சொல் சேர வேண்டும். இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை 'ரயில்' என்பதை 'லயில்' என்றால் கவலை வேண்டாம், 'ர' பலருக்கும் தாமதமாகத்தான் வரும். ஆறேழு வயதிலும் தொடர்ந்தால் காட்டுங்கள்.

முதலில் காதுப் பரிசோதனை. காது நன்றாக இருந்தால் வேறு காரணம் பார்ப்பார்கள். நம் புத்தூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே சிறு குழந்தைகளுக்கான இடையீட்டு மையம் இருக்கிறது. கருவி போதாத பிள்ளைகளுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள். அதற்கு வயது வரம்பு உண்டு, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். அறுவை முடிந்தால் வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பேச்சுப் பயிற்சி அதற்குப் பிறகுதான் ஆரம்பம், வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். தனியாரிடம் போனால் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இன்னொன்று. யாரையும் 'ஊமை' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் காது கேளாததால் பேச்சு வராதவர்கள். குரல் இல்லாதவர்கள் அல்ல.

நேற்று அந்தப் பெண் மறுபடி போன் செய்தாள். வெள்ளிக்கிழமை பரிசோதனையாம். மாமியாரும் கூட வருகிறாராம். "அத்தைகிட்ட உங்க பையன் கதையைச் சொன்னேன் டீச்சர், அப்புறம்தான் சரின்னாங்க" என்றாள். பிள்ளைக்கு என்ன என்று நமக்கு இன்னும் தெரியாது. ஆனால் ரெண்டரை வயசிலேயே கூட்டிப் போகிறார்கள், அது போதும் இப்போதைக்கு.

அந்தக் கடைசி பெஞ்சுப் பையனுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். அவனோடு படித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நேரில் போய் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தென்னூர்.