குடியிருந்துகொள்ள வேண்டியது

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் 1951ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடக்கிறது. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் விழுந்த பாகங்களைச் சொல்லும் இடத்தில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்று பத்திர எழுத்தர் முழங்குகிறார். அத்தையிடம் வந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறது: வடவண்டை அறையில் ஜீவதசை வரையில் குடியிருந்துகொள்ள வேண்டியது, பராதீனம் செய்யப் பாத்தியமில்லை.

புருஷன் வீட்டிலிருந்து அத்தை அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஊர் பாஷையில் வாழாவெட்டி. "ஒழுங்கா வாழ்ந்திருந்தா இந்த ரூமும் கிடைச்சிருக்காதுடா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இந்தச் சிரிப்பைத்தான் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவாக எழுதியது என்பேன். உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் தனிச்சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றது அச்சட்டம். ஆனால் வீடு என்று வந்ததும் 23ஆம் பிரிவு குறுக்கே நின்றது. குடும்பம் வசிக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. வசிக்கலாம், மகளானால் மணமாகாதவளாக, கைவிடப்பட்டவளாக, பிரிந்தவளாக, விதவையாக இருக்க வேண்டும். பிறந்த வீட்டில் பாய் விரிக்கப் பிறந்தது மட்டும் போதவில்லை.

பத்திரமும் சட்டமும் ஒரே சொல்லாடலின் இரு பிரதிகள். இரண்டும் மகளிடம் கேட்பது ஒன்றே: உன் புருஷன் எங்கே? பங்காளிச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்குமுன் மணமானவர்களை வெளியே நிறுத்தியது.

அத்தையின் அறை அவளுக்கே முழுச் சொந்தமாகியிருக்குமா என்று ஒருமுறை துருவிப் பார்த்தேன். 1977இல் துளசம்மா வழக்கில் உச்சநீதிமன்றம், ஜீவனாம்சத்துக்கு ஈடாக ஒரு விதவைக்குத் தந்த ஆயுள்கால அனுபோகம் 14ஆம் பிரிவின்படி முழு உரிமையாகிவிட்டது என்றது. விதவைக்குக் கணவன் குடும்பத்தில் ஜீவனாம்ச உரிமை ஏற்கெனவே இருந்ததே காரணம். புருஷன் உயிரோடிருக்கும் மகளைப் பராமரிக்கும் பொறுப்பைப் பழைய இந்துச் சட்டம் புருஷன் தலையில்தான் வைத்தது. அத்தை இங்கும் ஓரத்தில்தான்.

23ஆம் பிரிவு 2005இல் நீக்கப்பட்டது. அதன்பிறகுதான் அக்காக்கள், தங்கைகள் கையெழுத்துக்கு மவுசு கூடியது. பங்கை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை என்று நம் விமர்சகர்கள் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. 2011இல் அப்பா வீட்டுக்காக அக்காவிடம் ஒன்று எழுதி வாங்கினேன்.

"எப்ப வேணும்னாலும் வந்து இருந்துக்கோக்கா. உன் வீடுதானே" என்றேன்.

"அத்தைக்கு அதையாவது எழுத்துல குடுத்தாங்கடா" என்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.