இந்தியா பேல் ஏல்: ஹொப் இடும் வேளை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பண்டத்தின் செய்முறையில் நிலைபெற்றுவிட்ட விதிகள், பெரும்பாலும், அப்பண்டத்தைத் தோற்றுவித்த சமூகத் தேவைகளின் எச்சங்களாகும். தேவை மறைந்த பின்னும் விதி வாழ்கிறது. ஆயின் அதன் நோக்கம் மாறிவிடுகிறது. இதனை விளக்குதற்கு ‘இந்தியா பேல் ஏல்’ எனப்படும் இளநிற ஆங்கிலப் பியரை நாம் எடுத்துக்கொள்ளலாம். இன்று மேற்கு நாடுகளில் அதனை வீட்டிலே காய்ச்சுவோர், ஹொப் பூக்களை எவ்வேளையில் இடுவது என்பதையே தலையாய வினாவாகக் கொள்கின்றனர். அவ்வினாவுக்கும் ஒரு பொருளாதார வரலாறு உண்டு.

முதற்கண் செய்முறையை நோக்குவோம். முளைவிட்டு உலர்த்தப்பட்ட வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு, ஏறத்தாழ ஒரு மணிநேரம் கொதிக்கவைக்கப்படும். ஹொப் கொடியின் பெண்பூக்களில் உள்ள பிசின் அமிலங்கள், நீண்ட கொதிப்பிலே சமபகுதியங்களாக மாறிய பின்னரே நன்கு கரைந்து கசப்பைத் தருகின்றன. அதே பூக்களின் நறுமண எண்ணெய்களோ கொதிப்பில் ஆவியாகிவிடுவன. ஆகவே, கொதிப்பின் தொடக்கத்தில் இடும் ஹொப் கசப்பையும், இறுதிப் 15 நிமிடங்களுள் இடுவது சுவையையும் மணத்தையும், நொதித்தல் தணிந்தபின் குளிர்ந்த பியரில் இடுவது பெரும்பாலும் மணத்தையும் தரும். கசப்புப் பொருள்கள் பியரைப் புளிக்கச் செய்யும் பற்றீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுப்பன என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது.

18ஆம் நூற்றாண்டில் இவ்விரசாயனத்தை எவரும் அறிந்திலர். எனினும், வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியரில் ஹொப்பை மிகுதியாக இடவேண்டும் என்பதை 1760களிலேயே ஆங்கிலேயத் தொழிலாளர் அனுபவத்தால் உணர்ந்திருந்தனர். இலண்டனிலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியா செல்லும் பாய்க்கப்பல் பல மாதங்கள் கடலில் நின்றது. வெப்பமண்டலத்தை இருமுறை கடந்தது. எனவே கொதிகலத்தில் மிகுந்த ஹொப் இடப்பட்டதுடன், ஏற்றுமதிப் பீப்பாயினுள்ளும் உலர்ந்த ஹொப் இடப்பட்டது.

இப்பியரை ஜோர்ஜ் ஹொட்ஜ்சன் என்பவர் கண்டுபிடித்தார் என்னும் கதை பெருவழக்காயுள்ளது. அதற்குச் சான்றில்லை. 1752 அளவில் கிழக்கு இலண்டனின் ‘போ’ என்னும் பகுதியில் தொழில் தொடங்கிய அவருக்கு வாய்த்த நலன்கள் வேறு. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் தங்கும் பிளாக்வோல் துறை அண்மையில் இருந்தது. தம் சொந்த வாணிபத்துக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற கப்பற் தலைவர்களுக்கு அவரது நிறுவனம் நீண்ட தவணையிற் கடன் கொடுத்தது. மேலும், மற்றைய பியர் வகைகள் பயணத்தைத் தாங்கவில்லை என்பதும் தவறு. கருநிறப் போர்ட்டர் பியரும் பெருமளவில் இந்தியாவை அடைந்தது. அதனைச் சாதாரணப் படைவீரர் அருந்தினர். அதிகாரிகளும் வணிகரும் இளநிற ஏலை விரும்பினர். வர்க்க வேறுபாடு கிண்ணத்திலும் தெரிந்தது.

1820களில் ஹொட்ஜ்சன் நிறுவனம் கடன் தவணைகளை இறுக்கி, கப்பற் தலைவர்களை ஒதுக்க முற்பட்டது. அதே வேளையில் ருஷ்யாவின் 1822ஆம் ஆண்டுச் சுங்கவரி, பேர்ட்டன் நகரத்துப் பியர் உற்பத்தியாளரின் பால்டிக் சந்தையை மூடிற்று. கம்பனியின் இயக்குநருள் ஒருவரான கம்பெல் மார்ச்பாங்சின் தூண்டுதலால் சாமுவேல் ஓல்சொப் இந்தியச் சந்தையினுட் புகுந்தார். ஜிப்சம் நிறைந்த பேர்ட்டன் நீர் ஹொப்பின் கசப்பைத் தெளிவாக்கிற்று. ‘கிழக்கிந்திய பேல் ஏல்’ என்ற பெயர் 1829இல் சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்றிற் காணப்படுகிறது. பண்டம் முன்னரே உருவாகிவிட்டது. பெயரைச் சந்தை பின்னர் இட்டது.

ஹொப் எவ்வாறு வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. இலண்டன் கிழக்குப் பகுதியின் ஏழைக் குடும்பங்கள், பெண்களும் சிறுவரும் உட்பட, ஆண்டுதோறும் செப்டெம்பரில் கென்ற் மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று கூலிக்கு ஹொப் பறித்தன. இவ்வழக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. பின்னர் இயந்திரம் அவ்விடத்தைப் பிடித்தது. தொழில் அதிபர்களின் பெயர் நிலைத்தது. பறித்த கைகளின் பெயர் நிலைக்கவில்லை.

நீராவிக் கப்பலும் 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாயும் பயணத்தைச் சுருக்கின. குளிரூட்டல் பாதுகாப்புக்குப் புதுவழி காட்டிற்று. 20ஆம் நூற்றாண்டின் போர்களும் வரிகளும் பியரின் வலிமையைக் குறைத்தன. பிரித்தானியாவில் 1963இல் வீட்டில் காய்ச்சுவதற்கான அனுமதிப்பத்திரம் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் அதற்கு வழிவிட்டது. 1972இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ‘கஸ்கேட்’ என்னும் ஹொப் இனத்தைக் கொண்டு, சன்பிரான்சிஸ்கோவின் அங்கர் நிறுவனம் 1975இல் ‘லிபர்ட்டி ஏல்’ என்பதைக் காய்ச்சிற்று. வீட்டிற் காய்ச்சுவோரும் அவ்வழியே தொடர்ந்தனர்.

இங்கு முரண்பாடு ஒன்று புலனாகிறது. அன்று ஹொப் காலத்தை வெல்வதற்காக இடப்பட்டது. பல மாதங்களின் பின்னரே பியர் அருந்தப்பட்டது. இன்று அது மணத்திற்காகக் கொதிப்பின் இறுதியிலும் நொதித்தலின் பின்னரும் மிகுதியாக இடப்படுகிறது; அம்மணம் விரைவில் மங்குவதால் பியர் சில வாரங்களுள் அருந்தப்பட வேண்டியதாகிறது. நெடுங்காலம் நிற்பதற்காகத் தோன்றிய பண்டம், அதே பெயருடன், விரைந்து நுகரவேண்டிய பண்டமாயிற்று.

எனவே, செய்முறைக் குறிப்பையும் ஒரு வரலாற்று ஆவணமாகக் கொள்வதே தகும். அதனைத் தனியொரு மேதையின் கண்டுபிடிப்பாகக் காணுமிடத்துக் கடனும் கப்பலும் சுங்கவரியும் கூலியுழைப்பும் மறைந்துவிடுகின்றன. அவற்றை மீட்டெடுப்பதே வரலாற்றாய்வின் கடனாகும்.