இராப்பலகையும் குறிப்பேடும்: கடலோர முன்னோரின் வானியல்



நம் விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. எனினும் 1985ஆம் ஆண்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை, கீழக்கரையும் தொண்டியும் அடங்கிய இராமநாதபுரம் மாவட்டத்தோடுதான் நாம் இணைந்திருந்தோம். ஆகவே அக்கடற்கரையின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று. செயற்கைக்கோளும் வானொலி அறிவிப்பும் இல்லாத காலத்தில் அம்மக்கள் எதை நம்பிக் கடலில் மரக்கலம் செலுத்தினார்கள் என்பதை இக்கட்டுரையில் சிறிது நோக்குவோம்.

காற்றின் கணக்கு

கடலோடிக்கு முதற்பாடம் காற்றாகும். வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான் என்று நம் கடற்கரை மக்கள் காற்றுக்குப் பெயரிட்டு அழைத்தனர். குறித்த காலம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லே ‘மான்சூன்’ என்று ஐரோப்பிய மொழிகளில் வழங்கலாயிற்று. ஐப்பசியும் கார்த்திகையும் சோழமண்டலக் கரைக்குப் புயல் மாதங்கள். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், இம்மாதங்களில் பெரிய கப்பல்கள் கரையருகே நங்கூரமிட்டு நிற்க அஞ்சின. மழை ஓய்ந்து தை பிறந்ததும் வானம் தெளியும். இரவுகள் குளிர்ந்து விண்மீன்கள் துலங்கும். காலையில் மேகத்தையும் மாலையில் காற்றையும் இரவில் விண்மீனையும் பார்ப்பது அவர்களுக்கு நாள்தோறும் தவறாத கடமையாக இருந்தது.

இராப்பலகை

அரபு மாலுமிகள் ‘கமால்’ என்றும் தமிழ் மாலுமிகள் ‘இராப்பலகை’ என்றும் அழைத்த கருவி மிக எளியது. உள்ளங்கை அளவான ஒரு மரப்பலகை. அதன் நடுவே ஒரு கயிறு. கயிற்றில் சில முடிச்சுகள். அவ்வளவுதான்! பலகையின் கீழ் விளிம்பைக் கடலின் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ மீனிலும் பொருந்துமாறு பிடித்து, கயிற்றை இழுத்துப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். எந்த முடிச்சு பல்லில் அகப்படுகிறதோ, அம்முடிச்சுக்குரிய துறையின் நேர்கோட்டிற்குக் கப்பல் வந்துவிட்டது என்று பொருள். பின்னர் கரையை நோக்கி நேரே திருப்பினால் போதும்.

இதன் அடிப்படை யாதெனில், ஓர் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை வடக்கே உள்ளதோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அங்கே துருவ மீன் தெரியும். கீழக்கரையில் அது சுமார் 9 பாகை, நாகப்பட்டினத்தில் 11, சென்னையில் 13. விண்மீன் உயர உயரப் பலகையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவர வேண்டும். எனவே வடக்கிலுள்ள துறையின் முடிச்சு பலகைக்கு அருகிலும் தெற்கிலுள்ளதன் முடிச்சு தொலைவிலும் அமையும். உயரத்தை அவர்கள் விரற்கணக்கில் அளந்தார்கள். அரபியில் இதனை ‘இஸ்பஃ’ என்பர். அச்சொல்லின் பொருளும் விரல்தான். ஒரு விரல் என்பது ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுதி.

இக்கலையைச் சுமார் 1490ஆம் ஆண்டில் ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் நூலில் விரித்துரைத்தவர் அஹ்மத் இப்னு மாஜித். வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்ற கதையை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அக்காலத்தில் துருவ மீன் வானத்தின் வடமுனையிலிருந்து மூன்று பாகைக்கு மேல் விலகியிருந்தது. ஆகவே இரவின் வெவ்வேறு வேளைகளில் அதன் உயரம் மாறும். இதனைத் திருத்திக்கொள்ளும் கணக்கையும் அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பது வியப்பிற்குரியது.

ஒரே விண்மீன், இரு பெயர்கள்

தை மாத இரவில் தென்வானில் ஒளிரும் விண்மீனை அரபு மாலுமி ‘ஸுஹைல்’ என்றார். தமிழர் ‘அகத்தியர் மீன்’ என்றனர். உச்சி வானில் கொத்தாகத் தெரிவது அவருக்கு ‘ஸுரய்யா’, நமக்குக் ‘கார்த்திகை’. பெயர்கள் வேறாயினும் வழி ஒன்றே! தரையிலும் கடலிலும் இருள்களில் வழி அறிவதற்கு விண்மீன்கள் அமைக்கப்பட்டதைத் திருக்குர்ஆன் 6ஆம் அத்தியாயம் 97ஆம் வசனம் நினைவூட்டுகிறது. விடியற்காலையில் செங்குத்தாக எழும் பொய் விடியலையும், கிடையாகப் பரவும் மெய் விடியலையும் பிரித்தறிந்து பாங்கு சொன்ன மோதினாரும் அதே வானத்தையே நோக்கினார்.

நுங்கம்பாக்கத்துக் குறிப்பேடு

அதே கரையில் வேறொரு முயற்சியும் தொடங்கியது. 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாய்வுக் கூடம் அமைத்தனர். 1796 முதல் அங்கே வெப்பநிலை முதலியன நாள்தோறும் எழுதி வைக்கப்பட்டன. 1867இல் அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872 நவம்பர் 27 அன்று ஐரோப்பாவில் விண்கல் மழை பொழிந்தது. பீலா என்னும் வால்மீனைத் தேடிப் பார்க்குமாறு ஜெர்மனியிலிருந்து சென்னைக்குத் தந்தி வந்தது. அதுவோ வடகிழக்குப் பருவமழைக் காலம்! அரசு வானியலர் நார்மன் போக்சன் மேகம் விலகும் தருணத்திற்காகக் காத்திருந்து, டிசம்பர்த் தொடக்கத்தில் இரு விடியற்காலைகளில் ஒரு வால்மீனைக் கண்டார். பின்னர் வானம் மூடிக்கொண்டது. அவர் கண்டது வேறொரு வால்மீன் என்று இன்று கருதப்படுகிறது. அவர் கண்டதை அன்றே எழுதி வைத்ததால்தான், பிற்காலத்தார் அதனைச் சரிபார்க்க முடிந்தது.

எழுதாதது மறையும்

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியுள்ளது. நுங்கம்பாக்கத்துப் பதிவுகள் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. இராப்பலகையின் முடிச்சுகளோ தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைவழியாகவே வந்தன. சோழமண்டலத் தோணிக்காரர்கள் அதனைக் கையாண்ட முறையை 1850இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி சென்னை இதழொன்றில் எழுதினார். நம் முன்னோரின் கல்வியை அறிய அயலார் எழுதிய பக்கங்களைத் தேட வேண்டிய நிலையில் நாம் இருக்கின்றோம்.

அனுபவ அறிவு ஒன்றே போதும் என்றும் நாம் சொல்ல வரவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலில், தொடர்வண்டியோடு 100க்கும் மேற்பட்டோர் கடலுக்கு இரையாயினர். வானிலை நிலையத்தின் எச்சரிக்கையும் முதியோரின் அறிவும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டும். பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் நம் பகுதி மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஈரம் பட்டால் உழைப்பு வீணாகும்; இடி மின்னல் வேளையில் வேலையை நிறுத்தி வெளியேற வேண்டும் என்பது விதி. வானத்தைக் கவனிப்பது நமக்கும் உயிர்ப் பிரச்சினையே.

ஆகவே நம் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட வேண்டும் என்று ஜமாஅத் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறோம். மெய் விடியல் தெரிந்த நேரம், பிறை தென்பட்ட நாள், மழை, காற்று, மேகம் ஆகியவற்றை மதரஸா மாணவர்கள் அதில் அன்றன்றே எழுதட்டும். சூரியன் உச்சி சாயும் நேரம் சென்னையை விட நம் ஊரில் ஏறத்தாழ 9 நிமிடம் பிந்துகிறது என்பதை அவர்கள் அட்டவணையில் மட்டும் படியாமல், ஒரு குச்சியின் நிழலைக் கொண்டு தாமே கண்டறியட்டும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உறவினர் உடையோர், அங்குள்ள முதியவர்கள் காற்றைப் பற்றியும் விண்மீனைப் பற்றியும் சொல்வதைக் கேட்டு எழுதி வரட்டும். அறிவு ஓர் அமானிதம். பெற்றவர் அதனை அடுத்தவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதற்கு வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.