அக ஊக்கம்

கூலி, பரிசு, மதிப்பெண் போன்ற புறப் பயன் எதையும் கருதாது, செய்வதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே ஒருவரை ஒரு செயலில் ஈடுபடச் செய்யும் உளநிலை அக ஊக்கம் எனப்படும். பயனை நாடிச் செயல்படத் தூண்டுவது புற ஊக்கம். உளவியல் பாடநூல்கள் ஊக்கத்தையும் மனவெழுச்சியையும் தனித்தனி இயல்களில் பேசினாலும், அக ஊக்கத்தை ஆராயும்போது அப்பிரிவினை நிலைப்பதில்லை. ஏனெனில் இங்கே மனிதரை இயக்குவது ஆர்வம். அதனை அடிப்படை உணர்ச்சிகளுள் ஒன்றாகவே சில்வன் டாம்கின்ஸ் 1962இல் வகைப்படுத்தினார்.

பசி, தாகம் முதலிய உடல் தேவைகள் உண்டாக்கும் உந்தலைத் தணித்துக்கொள்வதே நடத்தையின் அடிப்படை என்ற கிளார்க் ஹல்லின் கோட்பாடு 1940களில் செல்வாக்குடன் விளங்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோவும் உடனாய்வாளர்களும் 1950இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடங்கவில்லை. கொக்கியும் தாழ்ப்பாளும் முளையும் கொண்ட பொறியமைவு ஒன்றைக் கூண்டில் வைத்தபோது, உணவு எதுவும் தரப்படாமலேயே ரீசஸ் குரங்குகள் அதனைக் கழற்றக் கற்றுக்கொண்டதோடு, மீண்டும் மீண்டும் கழற்றியும் வந்தன.

பரிசு சேர்ந்தால் இத்தகைய ஆர்வம் என்னவாகும் என்னும் வினாவை எட்வர்ட் டெசி 1971இல் மனிதரிடம் கொண்டுசென்றார். ஏழு துண்டுகளைப் பொருத்திப் பல உருவங்களை அமைக்கும் சோமா என்னும் புதிரைக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் இரண்டாம் அமர்வில் புதிர் ஒன்றுக்கு ஒரு டாலர் வழங்கினார். ஒவ்வோர் அமர்வின் இடையிலும் ஆய்வாளர் அறையைவிட்டு எட்டு நிமிடம் வெளியேறுவார். மேசையில் இதழ்களும் கிடக்கும். அந்த இடைவேளையில் மாணவர் எவ்வளவு நேரம் புதிரைத் தொடர்கிறார் என்பதே அளவுகோல். பணம் நிறுத்தப்பட்ட மூன்றாம் அமர்வில், முன்பு பணம் பெற்றவர்களின் ஈடுபாடு குறைந்தது. இச்சோதனை சிறியது; அதன் முடிவை உறுதியானதாகக் கொள்ள இயலாது.

அவ்வுறுதியை 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வு பெருமளவு வழங்கியது. வண்ணப் பேனாக்களால் வரைவதில் முன்னரே விருப்பம் காட்டிய குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பொன்னிற நட்சத்திரமும் நாடாவும் பதித்த பாராட்டிதழ் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அதே இதழ் முன்னறிவிப்பின்றித் தரப்பட்டது. மூன்றாம் பிரிவினர் எதுவும் பெறவில்லை. பின்னர் வகுப்பறையில் பேனாக்கள் இயல்பாக வைக்கப்பட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் ஏனைய இரு பிரிவினரும் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதியையே வரைவதில் செலவிட்டனர். எதிர்பாராது பரிசு பெற்றவர்களிடம் இவ்வீழ்ச்சி காணப்படாமையே இவ்வாய்வின் மிக நுட்பமான பகுதியாகும்: ஆர்வத்தைக் குறைத்தது பரிசுப் பொருள் அன்று, அதற்காகவே வரைகிறோம் என்ற புரிதல்.

இது மிகை நியாயப்படுத்தல் விளைவு எனப்பட்டது; அதாவது, விருப்பமே போதிய காரணமாக இருந்த செயலுக்குப் புறக் காரணம் ஒன்றும் சேரும்போது, மனிதர் தம் ஈடுபாட்டுக்கு அப்புறக் காரணத்தையே பொறுப்பாக்குகின்றனர். டெசியும் ரிச்சர்ட் ரயனும் உருவாக்கிய தன்னிர்ணயக் கோட்பாடு இதைவிட ஆழமாகச் செல்கிறது. தன் விருப்பப்படி செயல்படுதல், திறமையை உணர்தல், பிறரோடு இணைந்திருத்தல் ஆகிய மூன்றும் அடிப்படை உளத் தேவைகள் என்னும் அக்கோட்பாட்டின்படி, கட்டுப்படுத்துவதாக உணரப்படும் பரிசு முதல் தேவையைக் குலைக்கிறது. திறமையைத் தெரிவிக்கும் நேர்மையான பாராட்டோ இரண்டாவதை நிறைவுசெய்து ஊக்கத்தை வளர்க்கிறது.

இம்முடிவுகள் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. பரிசுகளால் நேரும் கேடு மிகைப்படுத்தப்படுகிறது என்று ஜூடி கேமரனும் டேவிட் பியர்சும் 1994இல் வாதிட்டனர். 128 சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகியோர் 1999இல் மறுமொழி அளித்தனர். தொடக்கத்திலேயே ஆர்வமூட்டாத வேலைகளில் பரிசு இத்தகைய இழப்பை உண்டாக்குவதில்லை என்பதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.